கோபுரமா, மண்டபமா?

சித்திரை மாத நண்பகலில் பாலக்கரையில் நின்று சகாய மாதா ஆலயத்தின் கூர்ங்கோபுரத்தை அண்ணாந்து நோக்குவோர், இவ்வடிவம் எந்த நாட்டு வானிலைக்காகப் பிறந்தது என வினவாதிரார். கோத்திக் கலை வளர்ந்த ஐரோப்பாவில் மழையும் பனியும் வழிந்தோடச் செங்குத்தான கூரை வேண்டும். மங்கிய வெயிலை உள்ளே அழைக்கப் பெருஞ்சாளரங்கள் வேண்டும். நமக்கோ வெயிலைத் தடுத்துக் காற்றை அழைப்பதே தேவை. ஆயினும் அதன் உயரத்தை நாம் பழிக்கமாட்டோம். வெப்பக்காற்று மேலெழுந்து வழிபடுவோர் தலைக்கு மேலே தங்க அது உதவுகிறது.

நாம் ஆராய வேண்டியது நம்முடைய சொந்தக் கொள்கையையே. சுதேச வழிபாடு என்றவுடன் நம் திருச்சபைகளுக்குக் கோபுரமும் தாமரையுமே நினைவுக்கு வருகின்றன. 1921இல் தொடங்கிய திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஆலயமும், 1939இல் பேராயர் அசரியா காலத்தில் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயமும் துணிவான முயற்சிகள். பின்வந்தோரில் பலர் முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னே அடுப்பெனக் காயும் காங்கிரீட் பெட்டியைக் கட்டினர்.

திருச்சியிலேயே இதற்கு மாறான சான்று உண்டு. 1826இல் மறைந்த பேராயர் ஹீபர் அடக்கம் செய்யப்பட்ட தூய யோவான் ஆலயம் ஆங்கிலேயருக்காக எழுந்தது, தோற்றமும் ஐரோப்பியமே. ஆனால் அதன் பக்கக் கதவுகள் சாய்ந்த மரச்சட்டங்களால் ஆனவை. மூடியிருக்கையில் வெயிலைத் தடுப்பவை, திறந்தால் ஆலயத்தையே காற்றோட்டமான மண்டபமாக்கிவிடும். சுதேசியாக வேண்டும் என எண்ணியிராதவர்களுக்கு இவ்வூர் வெப்பமே ஆசானாயிற்று.

காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்தின் ராஜகோபுரம் 1987இல் 236 அடி உயரத்துக்கு எழுந்து நிறைவுற்றது. நம் கண்களும் அதிலேயே நிற்கின்றன. வைகுண்ட ஏகாதசி விழாவில் அரையர்கள் திவ்வியப் பிரபந்தம் இசைக்க மக்கள் கூடிக் கேட்பதோ ஆயிரங்கால் மண்டபத்தில். இருண்டு குறுகிய கருவறை காண்பதற்குரியது, மண்டபமே கேட்பதற்குரியது. இறைவார்த்தையைக் கேட்கக் கூடும் சபைக்கு எது நெருக்கமானது?

மண்டபத்திலும் இடர்ப்பாடு இல்லாமலில்லை. கற்பலகை தாங்கும் நீளம் குறைவாதலால் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. அருளுரையாளர் பலருக்குத் தென்படார். (தூணுக்குப் பின்னே துயில்வோர்க்கு அது நன்மையே.) இன்று இரும்புக் கம்பியும் சிமிட்டியும் அவ்விடர்ப்பாட்டை நீக்கிவிட்டன. காலணியைப் புறத்தே விட்டுப் பாயில் அமரும் வழக்கமும் நம் கிராமச் சபைகளில் மறையவில்லை. நாளை கட்டடக் குழுக்களுக்குத் தலைமை ஏற்கவிருக்கும் நம் மாணவர்கள், கோபுர வரைபடத்தைக் காணுமுன் காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று அவ்வூர்க் கொத்தனாரைக் கேட்பார்களாக.