முப்பத்தாறாம் பல்

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டோடு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். சீட்டில் ஆங்கிலத்தில் ஒரே வரி: ‘36 ஆர்.சி.டி., கிரவுன்’. “ஏந் தம்பி, மனுசனுக்கு முப்பத்திரண்டு பல்லுதானுங்களே? எனக்கு மட்டும் முப்பத்தாறாவது எங்கிருந்து வந்துச்சு?” என்றார்.

கேள்வி சரிதான். பல் மருத்துவர்கள் பற்களை ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணுவதில்லை. வாயை நான்காகப் பிரித்து, முதல் இலக்கத்தால் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாம் இலக்கத்தால் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கிறார்கள். 36 என்றால் கீழ்வாய், இடதுபுறம், ஆறாவது; அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். குறியீடாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல இடமில்லை. பாலக்காட்டில் எழுதியதைப் பாரிஸில் படித்தாலும் அதே பல்தான். ஆனால் அந்தப் பல்லின் சொந்தக்காரரை மனதில் வைத்து இது உருவாக்கப்படவில்லை. உள்ளே மருத்துவர் மலையாளத்தில் சொன்ன விளக்கமும் அக்காவுக்குப் பாதிதான் எட்டியிருக்கிறது. “போடுண்டு, அடைக்கான் பற்றில்ல” என்றாராம். ‘அடைக்க முடியாது’ என்பது புரிந்துவிட்டது. ‘போடு’ என்றால் மலையாளத்தில் பல்லில் விழுந்த பொந்து. அக்கா அதை ஏதோ போடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

பல் மருத்துவத்துக்கும் அதன் காப்பீட்டுக்கும் இந்த எல்லைப் பகுதியில் புழங்கும் சொற்களை ஒரு தொகுப்பாக வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அளவுகோல் கடினமானதல்ல. நடக்கப்போவது என்ன என்பதைச் சொல் காட்ட வேண்டும். நடக்காத ஒன்றை நம்பவைக்கக் கூடாது. சீட்டோடு நிற்பவருக்கு அடுத்த கேள்வியைக் கேட்கும் தெம்பைத் தர வேண்டும்.

முதலில் வாய்மொழி. ‘சொத்தை’ நல்ல சொல். கெட்டுப்போன நிலையைச் சொல்லி அதோடு நின்றுகொள்கிறது. அதற்கு மாற்றாக வழங்கும் ‘பூச்சிப் பல்’ அப்படியல்ல, இல்லாத காரணம் ஒன்றை உள்ளே நுழைக்கிறது. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்க, அந்த அமிலம் எனாமலைக் கரைப்பதால் வருவது சொத்தை. பூச்சி என்ற சொல்லை நம்பியவர் அதை விரட்டக் கண்டங்கத்திரி விதைப் புகையைப் பிடிக்கப் போகிறார். அதற்குள் பொந்து நரம்பை எட்டிவிடுகிறது. ஒரு பிழையான சொல்லுக்கு ஒரு பல் விலையாகிறது.

சீட்டில் ஆர்.சி.டி. என்று சுருக்கிய ரூட் கெனால் சிகிச்சைக்கு ஊர் வழக்கு ‘நரம்பெடுக்கிறது’; படித்தவர்கள் அதைக் கொச்சை என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அது கலைச்சொல்லைவிடத் தரமாகப் படுகிறது. அச்சில் வரும் ‘வேர் சிகிச்சை’ கேட்க மிடுக்காக இருக்கிறது. ஆனால், “வேரையே எடுத்துட்டா பல்லு எப்படி நிக்கும்?” என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வேர் இருந்த இடத்தில்தான் இருக்கும். உள்ளேயிருக்கும் பற்கூழை, அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய திசுவை எடுத்து, அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். அதை நோயாளியின் மொழி ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஒரு குறை, அதற்குப் பிறகு அந்தப் பல்லுக்குக் ‘கேப்’ (சீட்டில் எழுதிய கிரவுன்) தேவைப்படலாம் என்ற குறிப்பு அதில் இல்லை. பலர் வலி நின்றதும் கேப் போடாமல் விட்டுவிட்டு, பல் பிளந்த பிறகு வந்து நிற்பதில் இந்தக் குறைக்கும் பங்குண்டு.

‘க்ளீனிங்’ இதைவிட மோசம். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே கல்லாக இறுகிய காரையை எடுப்பது ஈறு நோய்க்கான சிகிச்சை. க்ளீனிங் என்றதும் அது கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளும் ஒப்பனை வரிசையில் போய்ச் சேர்கிறது. ‘பல் கட்டுறது’ என்பதும் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே பெயர். கழட்டி மாட்டும் பல்செட்டும் அதுதான், அக்கம்பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின் மேல் நிறுத்தும் பிரிட்ஜும் அதுதான். நல்ல பல் இரண்டைத் தேய்க்கப்போகிறார்கள் என்ற செய்தி இந்தச் சொல்லிலும் இல்லை, ‘பிரிட்ஜ்’ என்ற சொல்லிலும் இல்லை.

கலைச்சொற்களை நீட்டி ஆராய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த காலத்திலிருந்து நமக்கு இந்த மரபு உண்டு. பற்சிப்பி (எனாமல்), பற்கூழ் போன்றவை வகுப்பறையில் நன்றாகவே வேலை செய்கின்றன. சிகிச்சை நாற்காலி வரை அவை வரவில்லை. வர வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். ‘பல் நிரப்புதல்’ மட்டும் தேவையற்ற படைப்பு. ‘பல்லை அடைக்கிறது’ என்று ஊரே சொல்கிறது. மலையாளத்திலும் அதே வினைதான். எல்லைக்கு இருபுறமும் ஒன்றாக நிற்கும் ஒரு சொல்லைத் தள்ளிவிட்டு ஆங்கில நிழலைப் பிடித்ததில் லாபம் என்ன?

காப்பீட்டுச் சொற்களில்தான் சிக்கல் கனமானது. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தத் துறையின் வரையறைகள் பொதுவாகப் பழிக்கப்படும் அளவுக்கு மோசமானவையல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வரையறைகளைத் தந்திருப்பது பெரிய காரியம். பல் சிகிச்சை என்றால் பல்லுக்கும் பல்லைத் தாங்கும் அமைப்புகளுக்குமான சிகிச்சை. பரிசோதனை, அடைப்பது, கேப், பிடுங்குவது, அறுவை எல்லாம் அடங்கும் என்கிறது அந்த வரையறை. துல்லியத்தில் முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் வரையறையில் ஒரு சொல் வந்தாலே அதற்குப் பணம் கிடைக்கும் என்று வாசகர் நினைப்பார். பாலிசி அப்படி நடந்துகொள்வதில்லை. 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் விற்கத் தொடங்கிய ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசியை எடுத்துக்கொள்வோம். நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சைக்கு உண்டு என்கிறது. அந்த வரி நிற்பதோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறும் செலவு என்ற தலைப்பின் கீழ். சேர்வது என்றால் குறைந்தது 24 மணி நேரம். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தவர் யார்? 24 மணி நேரத்துக்குக் குறைவானவற்றுக்கு ‘டே கேர்’ என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் வழக்கமாக வெளிநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை அதில் சேராது என்று அதன் வரையறையே கதவைச் சாத்திவிடுகிறது. (எங்கள் ஊரில் டே கேர் என்றால் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இடம்.) ஒரு பக்கம் கொடுத்ததை மூன்று பக்கம் தள்ளி இன்னொரு வரையறை எடுத்துக்கொள்கிறது. தனித்தனியாக ஒவ்வொரு வாக்கியமும் சரி. சேர்த்து வாசித்தால்தான் இல்லை என்று தெரிகிறது.

தமிழாக்கம் இந்தக் குழப்பத்தின் மேல் இன்னொரு அடுக்கை ஏற்றுகிறது. பாலிசியில் பணம் தராத இனங்களுக்கு ‘விலக்குகள்’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு விலக்கு என்றால் சலுகை. வரி விலக்கு கிடைத்தால் மகிழ்கிறோம். ‘பல் சிகிச்சைக்கு விலக்கு உண்டு’ என்ற வாக்கியத்தை வாசித்துவிட்டு, பரவாயில்லையே என்று பாலிசியை மடித்து வைத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். ‘பணம் தரப்படாதவை’ என்று போட்டிருந்தால் அவருக்கு அந்த மகிழ்ச்சி கிடைத்திருக்காது. ‘ரொக்கமில்லாச் சிகிச்சை’யும் இதே ரகம். நிறுவனம் ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டிவிடும் என்பதுதான் பொருள். இலவசம் என்ற வாசனை தானாக ஏறிக்கொள்கிறது. ‘கோ-பே’க்கு ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார்கள், ‘நம்ம பங்கு’ என்றால் போதும். ஆரோக்ய சஞ்சீவனியில் அந்தப் பங்கு நூற்றுக்கு ஐந்து. ‘காத்திருப்புக் காலம்’ மட்டும் குறையில்லாத சொல். தொடக்கத்தில் 30 நாள், முன்பே இருந்த நோய்க்கு இப்போது அதிகபட்சம் 36 மாதம் என்ற விவரத்தைப் பக்கத்தில் போட்டால் யாருக்கும் புரிந்துவிடும்.

அரசுத் திட்டத்துக்கு வருவோம். கேரளத்தில் ‘காருண்யா கார்டு’ என்று சொல்லப்படும் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி, ஆயுஷ்மான் பாரதத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஆயுஷ்மான் பாரதத்தின் தராதவை பட்டியலில் சொத்தை அடைப்பது, ரூட் கெனால், ஈறு நோய், இம்பிளான்ட், தேய்மானம், அழகுக்காகச் செய்வது எல்லாம் வருகின்றன. விபத்துக் காயம், கட்டி, நீர்க்கட்டி காரணமாக எலும்புக்குச் சிகிச்சை தேவைப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் மட்டும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் மனம்போன போக்கில் தொகுத்த பட்டியல் போலத் தோன்றும். ஊன்றிப் படித்தால் அதற்குள் ஒரு நேர்கோடு இருக்கிறது. பல்லுக்கு இல்லை, எலும்புக்கு உண்டு. வெற்றிலை புகையிலை போட்டுப் போட்டுத் தாடையில் புற்று வந்தவருக்குத் திட்டம் கைகொடுக்கும். பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தவருக்கும் கொடுக்கும். உள் ஒத்திசைவு என்ற அளவில் இந்த ஆவணம் தேறிவிடுகிறது. நான்கு சொல்லில் அடங்கும் அந்தக் கோட்டை எங்கும் ஒரு வரியாக எழுதி வைக்காததுதான் அதன் தோல்வி.

கோடே சரியானதா என்பது வேறு கேள்வி. அதைச் சோதிக்க எங்கள் மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் மழை மறைவுப் பிரதேசம். போர்வெல்லை நம்பிய வாழ்க்கை. அந்த நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு கூடுதல். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நிலைத்த பற்களின் எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், இந்த அளவு மீறிய நீரைக் குடித்த குழந்தையின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை எனாமலுக்கு உள்ளேயே இருக்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் வாயைத் திறக்காமல் சிரிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் இங்கே உண்டு. அந்தக் கறையை மறைக்கச் செய்யும் சிகிச்சைக்குக் காப்பீட்டின் சொல் ‘அழகுச் சிகிச்சை’. ஊர்க் கிணறு கொடுத்த நோயை ஒப்பனைக் கணக்கில் எழுதுகிறது ஆவணம். இந்த இடத்தில் வரையறை துல்லியத்தையும் இழக்கிறது, நியாயத்தையும் இழக்கிறது. இத்தனை நேரம் கொடுத்த மதிப்பெண்ணில் கணிசமாகக் குறைக்க வேண்டியிருக்கிறது.

வரையறை ஒழுங்காக இருந்தால் திட்டம் எப்படி இருக்கும் என்பதற்குக் கேரளத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும், 60 வயது கடந்தவர்களுக்குப் பல்செட் கட்டித் தரும் கேரள அரசின் திட்டம் ‘மந்தஹாசம்’. தருவது ஒன்றே ஒன்று, யாருக்கு என்பதும் தெளிவு. பெயர் மட்டும் பழைய தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்குத்தான் புன்னகையாகக் கேட்கும். இடுக்கியில் தேவிகுளம் தோட்டத்து லயத்தில் இருக்கும் பாட்டிக்கு ‘மந்தம்’ என்றே கேட்டால் அவர்மேல் தவறில்லை. வெளியே பார்த்தால் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2006 முதல் பல் சிகிச்சைகளை மூன்று படிகளாகக் கட்டி வைத்திருக்கிறது: பரிசோதனை ஒரு படி, அடைப்பதும் நரம்பெடுப்பதும் பிடுங்குவதும் அடுத்த படி, கேப்பும் பல்செட்டும் மூன்றாம் படி. படிக்கு ஒரு கட்டணம். மருத்துவர் கிடைப்பது அங்கே பெரும்பாடு என்பது உண்மை. ஆனால் சிகிச்சையின் பெயரிலேயே செலவு தெரிந்துவிடும் வடிவம் அது. நம்முடைய ஆவணங்களில் இல்லாதது அந்த வடிவம்தான்.

மொழி உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. காப்பீட்டிலோ, 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் ஒரு சுருக்கத் தகவல் தாள் தர வேண்டும், பாலிசிதாரர் விரும்பினால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்பது விதி. தாளின் அமைப்பு பாராட்டத்தக்கது. எதற்கு உண்டு, எதற்கு இல்லை, எவ்வளவு காலம் கழித்து என்பவை பெட்டி பெட்டியாக வருகின்றன. ‘விரும்பினால்’ என்ற ஒரு சொல்லில்தான் அது தளர்கிறது. கொழிஞ்சாம்பாறையின் உள்ளூர் மொழி எது? வரைபடத்தைப் பார்ப்பவர் மலையாளம் என்பார், சந்தைக்குள் நடப்பவர் தமிழ் என்பார். கேட்டால்தான் கிடைக்கும் தாளை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

ஆக, வாய்மொழிச் சொற்கள் சில திருத்தங்களோடு தேறுகின்றன. கலைச்சொற்கள் தம் எல்லைக்குள் தேறுகின்றன. காப்பீட்டுச் சொற்கள் வரையறையில் தேறி, வைப்புமுறையிலும் தமிழாக்கத்திலும் தோற்கின்றன. ஃப்ளோரைடு ஊர்களைப் பொறுத்தவரை வரையறையிலேயே தோற்கின்றன.

அக்காவுக்கு இதெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. காருண்யா கார்டில் இதற்குக் கிடையாது என்றதும், “எலும்பு ஒடைஞ்சா உண்டுங்கற, பல்லு செத்தா இல்லீங்கற” என்றார். பிறகு பேனா வாங்கி, சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டார்: ‘எடது கீழ, ஆறாவது. நரம்பெடுக்கணும். கேப்புக்குத் தனிக் காசா, கேக்கணும்.’

அதை ரேஷன் கார்டு உறைக்குள் செருகிவிட்டு, பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.