என் பிணத்தைத் தாண்டிப் போ

ஷோஜி மசுதா வடிவமைத்த ‘ஒரேஷிகா’ விளையாட்டின் ஜப்பானியப் பெயர் ஒரு முழு வாக்கியம்: என் பிணத்தைத் தாண்டிப் போ. முதல் பாகம் 1999இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. நான் பேசப்போவது 2014இல் வீட்டா கைக்கருவிக்கு வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி. மறுவருடம் ஆங்கிலத்தில் வந்தபோது ‘டெயின்டட் பிளட்லைன்ஸ்’ என்று ஒட்டிவிட்டார்கள். ஜப்பானியத் தலைப்பில் சாகிறவர் பேசுகிறார். ஆங்கிலத்தில் யாரோ ரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கிறார்கள்.

பழைய கியோட்டோவை ஒத்த கற்பனை உலகம், பேய்கள், தெய்வங்கள். ஹெயன் காலத்தில் நிஜமாக வாழ்ந்த சோதிடர் அபே நோ செய்மெய்தான் இங்கே வில்லன். நம் குலத்துக்கு இரண்டு சாபம். யாரும் சுமார் 2 வருடத்துக்கு மேல் வாழமாட்டார்கள். மனிதர்களோடு பிள்ளை பெறவும் முடியாது. அதனால் தெய்வங்களோடு கூடித்தான் வம்சம் வளரவேண்டும்.

ஒவ்வொரு நகர்வும் ஒரு மாதம். வேட்டைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், பிள்ளைக்குப் பயிற்சி தரலாம். ஏதாவது ஒன்றுதான். ஓர் ஆயுளுக்கு மொத்தமே இருபத்துச் சொச்சம் முடிவுகள். மகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கும் மாதம் அப்பாவின் கணக்கில் கழிகிறது. பெரும்பாலான ஆர்.பி.ஜி.க்களில் நேரம் நம்மிடம் கொட்டிக்கிடக்கும். உலகமே அழியப்போகிறது என்பார்கள், நாம் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருப்போம். இங்கே அது நடக்காது.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. நெருப்பு, நீர், காற்று, மண் என்று ஒவ்வொருவரின் மரபணுவும் பட்டைகளாகத் திரையில் தெரியும். எனக்குத் தொழிலே கோடு எழுதுவது. எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மூன்றாம் தலைமுறையிலேயே எக்செல் திறந்துவிட்டேன். எந்தத் தெய்வம், எந்தப் பிள்ளை, எந்தப் பட்டை ஏறும்? ஐந்தாம் தலைமுறைக்குள் என் குடும்பம் ஒரு மாட்டுப்பண்ணை மாதிரி ஆகிவிட்டது. பட்டை குட்டையான ஒருத்திக்கு மீனா என்று பெயர் வைத்து, அவள் வழியில் வாரிசு வேண்டாம் என்று ஒதுக்கினேன். அவளும் செத்தாள். சாகும்போது எல்லோரும் ஒரு வரி பேசுவார்கள், அவளும் பேசினாள்: மிச்சமிருப்பவர்களைப் பற்றி, சாதாரணமாக. வாக்கியம் எங்கோ ஒரு பட்டியலிலிருந்து வருகிறது என்று தெரிந்த எனக்கே கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்த முடியவில்லை. குலத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் மூளையையும் அதற்குப் பதில் சொல்லவேண்டிய முகத்தையும் ஒரே திரையில் வைத்ததுதான் மசுதாவின் சாமர்த்தியம்.

அதைக் கெடுப்பதும் இதே பாகம்தான். நுயேகோ என்கிற பெண்ணைக் கதை நம் தலையில் கட்டுகிறது. ஜப்பானிய ரசிகர்களே அவளால் கடுப்பானார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு. நம் பிள்ளைகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்க, எழுதிவைத்த சோகத்தோடு ஒருத்தி நடுவில் நின்றுகொண்டு, எனக்காக அழுங்கள் என்கிறாள். மீனாவுக்கு யாரும் கதை எழுதவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது மீனாவைத்தான்.