சூழொலியின் தரமும் கேட்போர் நிலையும்: திரைப்படம், காணொளி விளையாட்டு – ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படத்தின் சூழொலியையும் காணொளி விளையாட்டின் சூழொலியையும் ஒப்பிடுகையில் ஒலித்தடங்களின் எண்ணிக்கையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வதுண்டு. ஒலி கேட்பவரிடம் என்ன வேலை செய்கிறது, எக்கருவி வழியே அவரைச் சென்றடைகிறது என்னும் இரண்டையும் சேர்த்தே தரத்தை மதிப்பிட வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சூழொலி, குருதிப்புனல், அட்மாஸ், காணொளி விளையாட்டு, கேட்போர் நிலை

முன்னுரை

பெருந்துறையின் கல்லூரி விடுதிகளிலும் சிப்காட் தொழிலாளர் தங்கும் அறைகளிலும் இளைஞர்கள் விளையாட்டின் ஒலியைக் கைப்பேசியில் செருகிய இயர்போனில் கேட்கின்றனர். திரைப்படத்தை முதலில் திரையரங்கிலும் பின்னர் அதே இயர்போனிலும் கேட்கின்றனர். ஒரே செவிக்கு இருவேறு ஒலிமரபுகள் வந்து சேரும் இந்நிலையே இவ்வாய்வின் தொடக்கம்.

திரைப்படத்தில் சூழொலி

பி.சி. ஸ்ரீராம் இயக்கிய குருதிப்புனல் (1995), டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியத் திரைப்படமாகக் குறிப்பிடப்படுகிறது. பாடல்களே இல்லாத அப்படத்தில் உணர்வை நிறுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி பின்னணி ஒலியைச் சார்ந்தது. அம்முறையில் படச்சுருளின் இரு ஒலித்தடங்களிலிருந்து இடம், நடு, வலம், சூழல் என நான்கு பிரித்தெடுக்கப்படும். சூழல் தடம் ஒன்றே என்பதால் பின்புறத்தில் இடவல வேறுபாடு இல்லை. அத்தடம் திசையைச் சுட்டுவதைவிட வெளியை உணர்த்துவதற்கே ஏற்றது.

2012இல் அறிமுகமான டால்பி அட்மாஸ், ஒலியைத் தடத்திலிருந்து விடுவித்து இடம்பெயரும் பொருளாக்கியது. 128 வரையிலான ஒலிக்கூறுகளை 64 வரையிலான ஒலிபெருக்கி வழிகளுக்குப் பகிர்ந்தளிக்க அதனால் இயலும். ஆயினும் ஒலியின் திசையை ஒலிக்கலவையாளரே முன்கூட்டி முடிவுசெய்கிறார். பின்னால் ஓசை கேட்டுப் பார்வையாளர் திரும்பினால் திரையை இழப்பார். எனவே திரைப்படச் சூழொலி தன் ஆற்றலைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டியதாகிறது.

விளையாட்டில் சூழொலி

விளையாட்டில் திரும்புவதே செயல். ஆடுபவர் திரும்பும் ஒவ்வொரு கணமும் ஒலியின் திசையும் தொலைவும் புதிதாகக் கணிக்கப்படுகின்றன. 2021இல் இந்தியாவில் வெளியான பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் எதிரியின் காலடியோசை, ஆடுபவர் பிழைப்பதா வீழ்வதா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய செய்தி. ஆனால் இரு செவிக்குழல்களைக் கொண்டு முப்பரிமாண ஒலியை உருவாக்கும் முறைகள் பெரும்பாலும் சராசரிச் செவி வடிவத்தையே நம்புகின்றன. செவிமடல் ஆளுக்காள் மாறுவதால் முன்னால் எழும் ஓசை பின்னால் எழுவதாகத் தோன்றலாம்.

அவ்விளையாட்டின் சிறுவரைபடத்தில் காலடிக்கும் துப்பாக்கி ஓசைக்கும் குறியீடுகள் தோன்றுவது இங்குக் கருதத்தக்கது. செவி தவறவிடுவதைக் கண் ஈடுசெய்கிறது. மலிவான கருவியில் கேட்பவரையும் செவித்திறன் குறைந்தவரையும் இவ்வமைப்பு விலக்கிவிடுவதில்லை.

ஒப்பீடு

திரையரங்கில் ஏற்றத்தாழ்வு இருக்கையைப் பொறுத்தது. சுவரோரம் அமர்ந்தவருக்கு அருகிலுள்ள ஒலிபெருக்கி ஏனையவற்றை விஞ்சி ஒலிக்கும். விளையாட்டில் ஏற்றத்தாழ்வு செவியையும் கருவியையும் பொறுத்தது. முன்னதில் ஒலி பிசகினால் அனுபவம் குன்றும். பின்னதில் ஒலி பிசகினால் செயலே தவறும். ஆகவே செறிவில் திரையரங்கும், திசை வழங்கும் பயனில் விளையாட்டும் மேலோங்குகின்றன. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

முடிவுரை

இக்கட்டுரை ஒலியளவைச் சோதனை எதனையும் மேற்கொள்ளவில்லை. ஒலியமைப்பின் இயல்பையும் கேட்போர் சூழலையும் மட்டுமே கருத்திற்கொண்டது. எனினும் ஒன்று தெளிவாகிறது. ஒலிக்கூடத்தில் உருவான கலவையை மட்டும் வைத்துத் தமிழ்த் திரையொலியை மதிப்பிடும் ஆய்வு, பெருந்துறை விடுதியறையில் இரு செவிக்குழல்களுக்குள் அக்கலவை சுருங்குவதைக் காணத் தவறுகிறது. ஒலி குறித்து எழுதும் ஆய்வாளர் தாம் எங்கே, எக்கருவியில் கேட்டோம் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாத நிலையில், தரம் பற்றிய தீர்ப்பு கருவியைப் பற்றியதா கலையைப் பற்றியதா என்பதை வாசகர் அறிய இயலாது.