மேக் கோப்பும் புதிய கட்டுமானக் கருவிகளும்: ஓர் ஒப்பாய்வு

கணினிச் செய்நிரல் என்பது எழுதி முடித்த அளவில் இயங்குவதொன்றன்று. மனிதர் படித்தற்கேற்ற மொழியில் எழுதப்பெற்ற மூலக்கோப்புக்கள் தொகுப்பானால் இயந்திர மொழிக்கு மாற்றப்பெற்று, அங்ஙனம் மாறிய துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பெற்ற பின்னரே அது பயன்படு பொருளாகும். இவ்வேலையை முறைப்படி நடத்துவதைக் கட்டுமானக் கருவி என்னலாம். அத்தகைய கருவிகளுள் 1976ஆம் ஆண்டு தொட்டு வழங்கி வருவது 'மேக்' என்பது. இந்நூற்றாண்டில் அதற்கு மாற்றாக எழுந்தவை பல. பழையதே போதும் என்பாரும், பழையதைக் கைவிடுதலே அறிவுடைமை என்பாரும் எனச் செய்நிரலாளர் இரு பிரிவினராய் நின்று வாதிடுவர். இரு சாராரும் கூறுவனவற்றை நிறுத்துப் பார்த்து, வேறுபாடு உண்மையில் எவ்விடத்து உள்ளதென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேக் தோன்றிய வரலாறே அதன் இயல்பை விளக்கும். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்டீவ் ஜோன்சன் என்பார் ஒரு செய்நிரலிற் பிழை உளதென எண்ணி, ஒரு காலைப்பொழுதை அதனைத் தேடுவதிற் கழித்தார். பிழையோ முன்னரே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பு மீளத் தொகுக்கப்படாமையாற் பழைய துண்டே இணைந்து வந்தது. இதனை அவர் வாயிலாகக் கேட்டவர் உடன் பணியாற்றிய ஸ்டூவர்ட் பெல்ட்மன். அவர் 1976ஆம் ஆண்டு இயற்றிய கருவியே மேக். ஆகவே அது மனிதரின் மறதிக்கு மருந்தாகப் பிறந்தது எனலாம். ஏ. சி. எம். எனப்படும் கணிமைச் சங்கம் 2003ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் விருதினை இதன் பொருட்டு அவருக்கு வழங்கியமை அதன் பெருமைக்குச் சான்று.

மேக் கோப்பு விதிகளால் ஆனது. ஒவ்வொரு விதியும் மூன்று உறுப்புக்களை உடையது. ஆக்கப்படவேண்டிய பொருள் இலக்கு. அதனை ஆக்குதற்கு வேண்டுவன சார்புகள். ஆக்கும் வழி கட்டளை. ஒரு செய்நிரல் இருபது மூலக்கோப்புக்களால் ஆனது எனக் கொள்வாம். அவற்றுள் ஒன்றைத் திருத்தின், மேக் அவ்வொன்றையே மீளத் தொகுத்து இணைக்கும். ஏனைய பத்தொன்பதையும் தீண்டாது. இருபதுக்கும் பொதுவான தலைப்புக் கோப்பொன்றைத் திருத்தின், அச்சார்பு விதிகளிற் கூறப்பட்டிருக்குமாயின், இருபதையும் தொகுக்கும். எதனை எதன் பின் செய்யவேண்டும் என்று செய்நிரலாளன் சொல்வதில்லை. எது எதனைச் சார்ந்தது என்று மாத்திரமே சொல்கிறான். வரிசையைக் கருவியே துணிகின்றது. மேக்கின் உயிர்நிலை இதுவே. பின்வந்த கருவிகளுட் பெரும்பாலானவை இதனைக் கைவிடவில்லை என்பதை நினைவிற் கொள்க.

இனி, மேக்கின்மேற் சாற்றப்படும் குற்றங்களை நோக்குவாம். பலரும் முதலில் எடுத்துக் கூறுவது, கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டாப்' விசையால் உண்டாகும் இடைவெளியுடனேயே தொடங்கவேண்டும் என்னும் நியதி. அவ்விடத்தில் எட்டு வெற்றிடங்களை இட்டாற் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும், மேக்கோ ஏற்காது. கருவி தோன்றிச் சில வாரங்களுள் அதனைக் கைக்கொண்டோர் பன்னிருவர் அளவினராகிவிட்டமையால், அவர்க்கு இடர் விளைக்க விரும்பாது பெல்ட்மன் இதனை மாற்றாமல் விட்டார். பன்னிருவர் பொருட்டு விட்ட குறையைப் பின்வந்தோர் அனைவரும் சுமக்க நேர்ந்தது. எனினும், இது புறத்தோற்றத்தின் குற்றமேயன்றிக் கருத்தின் குற்றமன்று. 2010இல் வெளிவந்த குனூ மேக்கின் 3.82ஆம் பதிப்பு வேறு குறியை இடவும் வழி செய்தது. இது பற்றியே ஒரு கருவியைத் தள்ளுதல், ஏட்டின் எழுத்து அழகின்றென்று நூலைத் தள்ளுதல் போலாம்.

கருத்தளவில் உள்ள குற்றங்கள் இரண்டு. ஒன்று, மேக் கொள்ளும் சான்றைப் பற்றியது. சார்புக் கோப்பின் திருத்தநேரம் இலக்கின் நேரத்திலும் பிந்தியதாயின் இலக்கை மீள ஆக்கவேண்டும் என்பது அதன் முடிபு. இது புகை கண்டு நெருப்புண்மை துணிவது போன்ற அநுமானமேயன்றிக் காட்சியன்று. யாதொரு மாற்றமுஞ் செய்யாது கோப்பைச் சேமித்தாலும் நேரம் மாறும். அப்போது வீண்வேலை நிகழும். வலையமைப்பில் இணைந்த இரு கணினிகளின் கடிகாரங்கள் முரண்பட்டாலோ, பழைய நேரக்குறியுடன் வேறொரு கோப்பு வந்தமர்ந்தாலோ, செய்யவேண்டிய வேலை செய்யப்படாது போகும். முன்னையது காலவிரயம், பின்னையது பொய்.

மற்றையது காரணங்களைப் பற்றியது. மட்குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பர் நம் தருக்க நூலார். மேக் இயல்பாக நோக்குவது மண்ணை மாத்திரமே. தொகுப்பானுக்கு இடும் கட்டளையை மாற்றினும், தொகுப்பானையே புதிய பதிப்பாக மாற்றினும், மூலக்கோப்பு மாறாதவரை இலக்குப் பழமையுற்றதென அது உணராது. சக்கரம் மாறியும் குடம் பழைய குடமாகவே இருக்கும். மண்ணிலுங்கூட, எழுதியவன் சொல்லாது விட்ட பகுதியை அது காணமாட்டாது. ஜீ. சீ. சீ. முதலிய தொகுப்பான்கள் தலைப்புக் கோப்புச் சார்புகளைத் தாமே எழுதித் தருதலால் இக்குறை ஒருவாறு நீங்கும்.

பெரிய மென்பொருள்களில் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனி மேக் கோப்பு எழுதி, ஒன்று மற்றொன்றை அழைக்குமாறு செய்தல் நெடுங்கால வழக்கம். பீற்றர் மில்லர் என்பார் 1998இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இவ்வழக்கத்தைக் கடிந்தார். சார்புகளின் வலை துண்டாடப்படுவதால் எப்பகுதியும் முழுமையை அறியாது. ஆகவே வேலை குறைவாகவோ மிகையாகவோ நிகழும். குற்றம் மேக்கினதன்று, அதற்கு முழுச் செய்தியையும் அறிவியாதாரது என்பது அவர் துணிபு. இது பொருத்தமான தீர்ப்பே. ஆயினும், அறிவிக்கப்படாமையைக் கண்டு கூறும் ஆற்றல் மேக்குக்கு இல்லை என்னும் உண்மை எஞ்சி நிற்கின்றது.

புதிய கருவிகள் இவ்விடத்திற்றான் முன்னேறின. கூகிள் நிறுவனத்தாரின் குரோம் உலாவியை ஆக்குதற்பொருட்டு ஈவான் மார்ட்டின் 'நிஞ்சா' என்னும் கருவியை இயற்றினார். குரோம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கோப்புக்களை உடையது. ஒரு கோப்பைத் திருத்தியபின், வேலை தொடங்குதற்கே முன்னைய முறைகள் பத்து விநாடி கொண்டன என்றும், நிஞ்சா ஒரு விநாடிக்குக் குறைவாகவே கொண்டது என்றும் அதன் கையேடு கூறும். விரைவினும் சிறந்த நன்மை யாதெனின், முன்னர் இட்ட கட்டளையை நிஞ்சா குறித்து வைத்து, அது மாறினும் இலக்கை மீள ஆக்குதலாம். 2015இற் கூகிள் பொதுவில் வெளியிட்ட 'பேசல்' இன்னும் ஒருபடி மேற்செல்லும். அது நேரத்தை நம்பாது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த சுருக்க எண்ணை ஒப்பிடும். தொகுப்பானையும் சார்புகளுள் ஒன்றாக எண்ண இடந்தரும். அறிவிக்கப்பெற்ற கோப்புக்கள் மாத்திரமே புலப்படும் வேலியுள் கட்டளையை இயக்குதலால், சொல்லாது விட்ட சார்பு அங்கேயே பிழையாக வெளிப்படும். சக்கரமும் இவ்வாறு கணக்கில் வந்தது.

ஆயின், பழையதும் புதியதும் வெவ்வேறு இனத்தனவோ எனின், அல்ல என்க. மொகோவ், மிற்செல், பெய்ற்றன் ஜோன்ஸ் என்னும் மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுமானக் கருவி ஒவ்வொன்றையும் இரண்டு துணிபுகளின் சேர்க்கையாகக் காட்டிற்று. எவ்வரிசையில் ஆக்குவது என்பது ஒன்று. மீள ஆக்கவேண்டுமோ என்பதை எச்சான்றால் அறிவது என்பது மற்றொன்று. மேக்கும் பேசலும் மட்டுமன்றி, எக்செல் விரிதாளும் இவ்வளவைக்குள் அடங்கின. பெல்ட்மன் இட்ட அடித்தளத்தின் மேலேயே புதியோர் கட்டினர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, புதியவற்றுக்குக் கொடுக்கும் விலையையும் கூறுதல் முறைமை. நிஞ்சாவின் கோப்பு மனிதன் கையால் எழுதுதற்கென அமைந்ததன்று. 'சீமேக்', 'மீசன்' முதலிய வேறொரு கருவி அதனை எழுதித் தரும். ஆகவே எழுதுவோனுக்கும் நிகழும் வேலைக்கும் இடையில் ஒரு திரை விழுகின்றது. பழைய வழியினரும் இத்திரைக்குப் புறம்பானவரல்லர். மேக் கோப்பையே பிறிதொரு நிரலால் எழுதுவிக்கும் வழக்கம் அவரிடத்தும் உண்டு. இதன் தீங்கு 2024இல் வெளிப்பட்டது. 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கல் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களிற் கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அதனைத் தூண்டும் வரிகள் யாவரும் காணும் மூலத்தொகுப்பில் இல்லை. வெளியீட்டுப் பொதியிலிருந்த கட்டுமான நிரலிலேயே இருந்தன. அவை ஆக்கவேளையில் மேக் கோப்பைத் திரித்தன. அன்ட்ரேஸ் பிரொயின்ட் என்பார் தம் கணினியில் நுழைவு அரை விநாடியளவு தாமதித்தமையை ஐயுற்று ஆராய்ந்தமையால் உலகம் தப்பிற்று. அதே மென்பொருளின் சீமேக் கோப்பிலும் ஒரேயொரு முற்றுப்புள்ளி செருகப்பட்டு, பாதுகாப்பு ஏற்பாடொன்று சத்தமின்றிச் செயலிழந்திருந்தது. பழைய வழியிலும் புதிய வழியிலும் ஒருங்கே வஞ்சம் புகுந்தமையைக் காண்க. படிப்பாரற்ற நிரல் எக்கருவிக்கு உரியதாயினும் ஆபத்தே.

ஆதலின் எமது முடிபு வருமாறு. இருபது முப்பது கோப்புக்களையுடைய ஆக்கத்துக்கு மேக் இன்றும் தகும். ஒரு பக்கத்துள் அடங்கும் அதன் விதிகளை எவரும் படித்து ஒப்பலாம். பலர் கூடி ஆக்கும் பல்லாயிரம் கோப்புக்களுக்குச் சொல்லாத சார்பைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும். அங்கே மேக்கைப் பிடித்து நிற்றல் பிடிவாதமாகும். லினக்ஸ் கருநிரல் இன்றும் மேக்கால் ஆக்கப்படுகின்றதே எனின், அது மேக்கின் மேற் பெருமுயற்சியால் அமைத்த தனி முறையொன்றினால் ஆவது, எல்லார்க்கும் எளிதன்று. போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்தார் 2023இல் வெளியிட்ட 16ஆம் பதிப்பிற் பழைய வழியை நீக்காது மீசனையும் உடன் சேர்த்தனர். மாறுவோர்க்கு இது நல்ல முன்மாதிரி.

கற்போர் முதலில் ஒரு மேக் கோப்பைத் தம் கையால் எழுதிப் பழகுதல் நன்று. எது எதனைச் சார்ந்தது என்று தாமே சிந்தித்துச் சொல்லும் பயிற்சி அதனால் வாய்க்கும். அப்பயிற்சி இல்லாதார்க்குப் புதிய கருவி பிழையைச் சுட்டிக்காட்டினும், அதன் பொருள் விளங்காது.