இதழ் ஒட்டாப் பாட்டு

திருச்செந்தூர் நிரோட்டக யமக அந்தாதியைப் பற்றிப் பேச வரும் வித்துவான்கள் பெரும்பாலும் பந்தயக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் செருக்குற்ற புலவரொருவரோடு போட்டியிட்டு, உதடு ஒட்டாமல் 30 பாட்டுகளைப் பாடி முடித்தாராம், தோற்றவர் அடிமையானாராம். சபையோர் கை தட்டுகிறார்கள். நூலையோ யாரும் பிரிப்பதில்லை.

நிரோட்டகம் என்பது சரீரத்தின்மேல் இட்ட விதி. பகர, மகர, வகர மெய்கள் வரலாகாது. உதட்டைக் குவிக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பனவும் ஆகா. ஆகவே முருகனைப் பாடும் நூலில் முருகன் என்றே சொல்ல வழியில்லை. வேலும் மயிலும் போயின, குமரனும் போனான். விதிக்குத் தப்புவன கந்தன், செந்தில் போன்றவையே.

இவ்விதியை நாம் ஒருநாள் நமது செக்ரோல் புத்தகத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். தோட்டம், கூலி, சம்பளம், ரப்பர் ஒன்றும் தேறவில்லை. ரப்பர் போய் வந்த செம்பனையும் தேறவில்லை. பேராக்கும் ஈப்போவும் விழ, கிந்தா மட்டும் நின்றது. ஆனால் கங்காணி, கிராணி, கடன், கள் ஆகிய நான்கும் யாதொரு சேதமுமின்றித் தேறிவிட்டன! கிராணியாகிய நமக்குச் சிரிப்போடு சிறிது வெட்கமும் உண்டாயிற்று. வாய்க்கு எளிதாய் வரும் சொற்களை விதி பறித்துக்கொண்ட பின்பல்லவோ மிஞ்சி நிற்பவை கண்ணிற் படுகின்றன!

வடமொழியில் தண்டி, தசகுமார சரிதத்தின் ஏழாம் பகுதியில், மந்திரகுப்தனை உதட்டெழுத்தின்றியே கதை சொல்ல வைக்கிறார். காதலியால் காயம்பட்ட உதடு நோகிறதாம். காரணம் உடம்பிலேயே இருப்பதால் வாசகனும் தன் உதட்டைத் தொட்டுப் பார்க்கிறான். நமது அந்தாதியிலோ யமகம் என்னும் இரண்டாம் விதி ஏறியிருக்கிறது. அடிதோறும் முதலில் அதே எழுத்துக்கள், வேறு வேறு பொருளில் வரவேண்டும். முதல் விதியை எழுத்தறியாத கிழவியும் தன் வாயிலே சோதிக்கலாம். இரண்டாவதற்கு உரையாசிரியர் துணை வேண்டும். நூல் பண்டிதர் பெட்டிக்குள் போனது இதனாலேயே என்பது நம் அபிப்பிராயம்.

தைவானிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய டெச்சிங் ஷியே என்னும் கலைஞர், 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு, இரவும் பகலும் மணிக்கொரு தரம், ஆலைத் தொழிலாளரைப் போல நேரக் கடிகாரத்தில் சீட்டைப் பதித்தார். 8,760 தடவையில் 133 தவறின. அவற்றையும் மறைக்காமல் கணக்கில் வைத்தார். அவர் செய்தது கலை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆயுள் முழுதும் நின்ற நம் பாட்டன்மார் செய்தது கலையன்று. அவ்விதியை இட்டவர்கள் அவர்களல்லர், தவறினால் போனது அன்றைய பேர். இவ்வேற்றுமையை அறிந்த நமக்கு, தன் உதட்டுக்குத் தானே இட்ட விதி பிறனொருவனை அடிமையாக்கிய கதையைக் கேட்டுக் கை தட்ட மனம் வருவதில்லை.

கதையை விட்டுவிட்டு, அன்பர்கள் உரையோடு நூலை வாங்கி, ஒரு பாட்டையேனும் வாய்விட்டு வாசிக்கட்டும். நாலாவது அடிக்குள் தாடை நோகும்.