பேயின் வாக்குமூலம் போதாது

"பேய் வருகிற கதையில் போய்த் தர்க்கம் தேடலாமா?" கொலைத் துப்பறிதலையும் மாயத்தையும் கலந்து எழுதும் சிறுகதைகளைப் பற்றி எப்போது குறை சொன்னாலும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும். அண்மையில் நான் மிகவும் மதிக்கும் நண்பர் ஒருவரே இதைச் சொன்னார். மாயம் என்று வந்துவிட்டால் தடயம் எங்கே, சான்று எங்கே என்று கேட்கக் கூடாதாம். கேட்பவருக்குக் கதை படிக்கத் தெரியாதாம். இந்த வாதம் அடியோடு தவறு. சோம்பலாக எழுதிய கதைகளுக்கெல்லாம் இதுதான் குடை பிடிக்கிறது.

இரண்டும் கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்த ரொனால்ட் நாக்ஸ், அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பதை இரண்டாவது கட்டளையாக வைத்தார். அது தேவைக்கு மீறிய கண்டிப்பு. 1964இல் ராண்டல் காரெட் எழுதத் தொடங்கிய டார்சி பிரபு கதைகள் அந்தக் கட்டளையைக் கௌரவமாகவே மீறின. அந்த உலகத்தில் மந்திரம் ஒரு விஞ்ஞானம். அதற்கு விதிகள் உண்டு. மந்திரவாதி ஷான் தடயங்களைச் சோதித்துச் சொல்வார். மந்திரமே தெரியாத டார்சி, யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான துப்பறியும் கதையில் பிணம் வெறும் ஜடம். முதல் பக்கத்தில் விழும், அப்புறம் அதற்காக அழுவார் இல்லை. மாயக்கதை அந்தப் பிணத்துக்கு ஒரு குரல் கொடுக்கிறது. அது பெரிய காரியம்தான்.

என் குறை ஒன்றே ஒன்று. பல வருஷமாகச் சொல்லி வருவது. இந்தக் கதைகளில் வழக்கை முடித்து வைப்பது பேய்.

இந்த வகைக் கதை எப்படிப் போகும் என்று பாருங்கள். கிணற்றில் ஒரு இளம் மருமகளின் உடல். தற்கொலை என்கிறது ஊர். புதிதாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். முதல் ஐந்து பக்கம் விறுவிறுப்பாக இருக்கும். கிணற்று மேட்டில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். கொழுந்தன் கையில் புதுக் கட்டு. மாமியார் சொல்லும் நேரமும் பால்காரர் சொல்லும் நேரமும் ஒத்துவராது. நாமும் நிமிர்ந்து உட்காருவோம். ஆறாவது பக்கத்தில் மின்சாரம் போகும், மல்லிகை மணக்கும், நிலைக்கண்ணாடியில் அவள் தெரிவாள். கொழுந்தனின் பெயரைச் சொல்வாள்; அல்லது அவனையே அந்தக் கிணற்றுக்குள் இழுத்துவிடுவாள். கதை முடிந்துவிடும். அந்த ஒற்றைச் செருப்பு என்ன ஆயிற்று? பால்காரர் சொன்ன நேரம் எதற்கு? ஆசிரியரே அவற்றை மறந்துவிட்டார். பேய் வந்த பிறகு செருப்புக்கு என்ன வேலை?

சிறுகதை என்பதால் இந்தச் சபலம் அதிகம். நாவலாசிரியருக்கு முந்நூறு பக்கம் இருக்கிறது. போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். சிறுகதைக்காரருக்குப் பத்துப் பக்கம்கூடக் கிடையாது. முடிச்சைப் போட்டுவிட்டு, அவிழ்க்க இடம் இல்லாதபோது பேயைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்கிறார். அறுப்பதற்கும் அவிழ்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் வாசகனின் கைக்குத் தெரியும்.

இதைக் கட்டுமானக் குறை என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. கொலைக்கதையின் உயிர், இருப்பவர்கள் இறந்தவருக்காகப் பாடுபடுவதில் இருக்கிறது. ஒருத்தி செத்தாள், அவள் பேச முடியாது, ஆகவே நாம் தேட வேண்டும், கேட்க வேண்டும், நிரூபிக்க வேண்டும். அந்தக் கடனைப் பேயின் தலையிலேயே கட்டிவிட்டால், செத்தவள் தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள வேண்டியதாகிறது. மாமியார் பொய் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டாம். வாய் மூடியிருந்த ஊருக்குக் கேள்வி இல்லை. படித்தவன் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

நம் முன்னோர் இப்படிக் கதை சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் கள்வனா என்று கண்ணகி கதிரவனைக் கேட்கிறாள். கள்வன் அல்லன் என்று குரல் வருகிறது. வெட்டுண்டு கிடந்த கோவலன் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்துப் பேசிவிட்டு வானுலகம் போகிறான். ஒரு மாயக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கடவுளும் சொல்லியாயிற்று, செத்தவனும் எழுந்து வந்தாயிற்று. இன்றைய எழுத்தாளர் அங்கேயே மதுரையைக் கொளுத்தியிருப்பார். இளங்கோ கொளுத்தவில்லை. கண்ணகி பாண்டியன் அவைக்குப் போகிறாள். கதிரவன் சொன்னான் என்று அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. தீ அதற்குப் பிறகுதான். தெய்வம் அறிந்த உண்மையையும் மனிதர் அவையில் மெய்ப்பித்தாக வேண்டும் என்று அந்தக் காப்பியத்துக்குத் தெரிந்திருந்தது.

பழையனூர் நீலி கதை இன்னும் கூர்மையானது. கணவனால் கொலையுண்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கணவன் என்னை ஒதுக்குகிறான் என்று வேளாளர் சபையில் அழுகிறாள். கள்ளிக் குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. அவனைக் காத்து வந்த மந்திரக் கத்தியையும் வாங்கிவைத்துவிட்டு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுக்கிறார்கள் எழுபது பேர். மறுநாள் அவன் பிணமாகக் கிடக்க, எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். பேய்க்குப் பழி தீர்ந்தது. ஆனால் கதையின் பாரம் முழுவதும் எங்கே இருக்கிறது? தவறாக விசாரித்துத் தவறாகத் தீர்ப்புச் சொன்ன மனிதர்கள்மேல். கண்ணீரைச் சான்றாக எடுத்துக்கொண்டதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். நீலிக் கண்ணீர் என்று இன்றைக்கும் நாம் சொல்வது அந்த எச்சரிக்கையைத்தான்.

இதற்கு ஒரு பதில் உண்டு. கோர்ட்டு கைவிட்ட ஏழைக்குப் பழிவாங்கும் பேய்தானே ஆறுதல் என்பார்கள். மதுரை வீரனும் முத்துப்பட்டனும் கொலையுண்டு தெய்வமானவர்கள் அல்லவா என்பார்கள். உண்மை. ஆனால் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை கேட்க உட்காருகிறவர்களுக்குக் கொலை செய்தது யார் என்பது முன்பே தெரியும். அங்கே மர்மம் கிடையாது. செத்தவன் மறக்கப்படாமல் இருக்க வருஷா வருஷம் படையல் போடுகிறார்கள். அந்த நினைவை மனிதர்களே சுமக்கிறார்கள். கண்ணாடியில் தோன்றி ஆறாவது பக்கத்தில் கணக்கை முடிக்கும் பேய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஆறுதலும் அல்ல. வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி.

இறந்தவன் பேசியும் வழக்கு முடியாத கதை எழுத முடியுமா என்று கேட்பவர்கள், ஜப்பானிய எழுத்தாளர் அகுதகவா 1922இல் எழுதிய கதையைப் படிக்கட்டும். ‘புதருக்குள்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்துக்குக் கரு கொடுத்தது அதுதான். பிணத்தைக் கண்ட விறகுவெட்டி முதலிலேயே சொல்லிவிடுகிறான்: அங்கே கயிறும் சீப்பும் கிடந்தன, கத்தி ஏதும் இல்லை. கடைசியாக, இறந்த சாமுராய் குறிசொல்பவளின் வாய்வழியே பேசுகிறான். தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். உயிர் மங்கும் நேரத்தில் யாரோ மெல்ல வந்து மார்பிலிருந்த கத்தியை உருவியதையும் சொல்கிறான். அது யாருடைய கை என்று அவனுக்கே தெரியாது. நமக்கு மட்டும் விறகுவெட்டி சொன்னது நினைவுக்கு வருகிறது. ஆவி பேசி முடித்த இடத்தில் நாம் தேடத் தொடங்குகிறோம்.

ஆகவே, மாயக் கொலைக்கதை எழுத வரும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அவளை வரவழையுங்கள், பேச விடுங்கள், அழட்டும், பொய்கூடச் சொல்லட்டும். ஆனால் அவள் போன பிறகு, அந்தக் கிணற்று மேட்டுக்குத் திரும்பிப் போய், கேட்பாரற்றுக் கிடக்கும் ஒற்றைச் செருப்பை உங்கள் கதையில் யாராவது ஒருவர் குனிந்து எடுக்க வேண்டும்.