சாவை வென்ற கதைகளில் விலை கொடுப்பவர் யார்?

அறிவியலால் சாவை மீறத் துணியும் கதைகளுக்கு 200 ஆண்டு மரபு உண்டு. அதைத் தொடங்கிவைத்த 'பிராங்கன்ஸ்டைன்' 1818-இல் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. கால்வானி என்ற விஞ்ஞானி தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்ததும், ஆல்டினி 1803-இல் தூக்கிலிடப்பட்டவன் ஒருவனின் சடலத்தில் அதைச் செய்து காட்டியதும் அந்தத் தலைமுறை அறிந்த செய்திகள். நாவலை எழுதிய மேரி ஷெல்லியோ 1815-இல் குறைமாதத்தில் பிறந்த மகளைப் பறிகொடுத்தவர். சாவை மீறும் ஆசையின் வலி அவருக்குத் தெரியும்.

கடவுளின் வேலையில் கைவைத்ததே நாவலின் விஞ்ஞானி விக்டரின் பாவம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தான் படைத்த உயிர் கண் திறந்ததும், பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டவனைப்போல அவன் ஓடிப்போகிறான். கைவிடப்பட்ட அந்த உயிர் அவனுடைய தம்பி வில்லியத்தைக் கொல்கிறது. பழி ஜஸ்டின் என்ற பணிப்பெண்மேல் விழுகிறது. உண்மை தெரிந்தும், சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று விக்டர் வாய் திறப்பதில்லை. குற்றமற்றவள் தூக்கில் ஏறுகிறாள். சோதனை செய்தவன் ஒருவன், விலை கொடுத்தவள் இன்னொருத்தி. இந்த மரபின் எந்த நூலையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இந்தக் கதையை வைத்து 1931-இல் வந்த ஹாலிவுட் படம், உதவியாள் திருடிவந்த குற்றவாளி மூளையின்மேல் பழியைப் போட்டு விஞ்ஞானியைத் தப்பவிட்டது. அது பெரிய சரிவு.

எட்கர் ஆலன் போ 1845-இல் எழுதிய வால்டமார் கதையில், சாகக் கிடப்பவனை மனவசியத்தால் ஏழு மாதம் நிறுத்திவைக்கிறார்கள். திகிலில் ஈடில்லாத கதைதான். செய்தவனின் மனம் மட்டும் உறுத்துவதே இல்லை.

ருஷ்ய எழுத்தாளர் பெல்யாயேவ் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அவருடைய 'பேராசிரியர் டோவெலின் தலை'யில், இறந்த பேராசிரியரின் தலையை உயிரோடு வைத்து, அதன் அறிவைச் சுரண்டிப் புகழ் சேர்க்கிறான் அவருடைய உதவியாளனாக இருந்த கெர்ன். செக் எழுத்தாளர் சாபெக்கின் நாடகமொன்றில் வரும் எலினாவுக்கு வயது 337. அரசனுக்காகத் தந்தை காய்ச்சிய மருந்தைப் பதினாறு வயதில் குடித்துப் பார்க்கவைக்கப்பட்டவள். இப்போது எதிலும் ருசியற்றவள்.

இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) நாவலில் வெறிபிடித்த விஞ்ஞானி யாருமே இல்லை. உறுப்புகளுக்காகவே வளர்க்கப்படும் பிள்ளைகள் ஒருபுறம். தம் மனைவியும் மக்களும் பெற்றோரும் நோயில் சாகக்கூடாது என்று விரும்பி, அந்தப் பிள்ளைகளைப் பார்க்க மறுக்கும் சாதாரண மக்கள் மறுபுறம். ஒருவனுடைய குற்றத்தை ஊர் முழுவதற்கும் உரியதாக்கிய துணிச்சலுக்காகவே, ஷெல்லிக்குப் பின் வந்த நூல்களில் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.